கதிர்ச் சிகிச்சைக் கூடத்தில் மலையகத்தின் கை எங்கே?

பதுளை நகரிலிருந்து பசறை வீதி வழியே செல்வோர் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தைக் காணாமற் போவதில்லை. 2005 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அந்தக் கல்விக்கூடத்திலே தேயிலைத் தொழில்நுட்பத்திற்கென ஒரு பட்டப்படிப்பு உண்டு. கொழுந்தை வாட்டுவது எவ்வாறு, அரைப்பது எவ்வாறு, நிறமும் மணமும் கெடாமற் காப்பது எவ்வாறு என்பனவெல்லாம் அங்கே விஞ்ஞானமாகக் கற்பிக்கப்படுகின்றன. நன்று, அதனைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால், அந்தக் கொழுந்தைக் கிள்ளும் தாய்க்கு வாயிலோ, தொண்டையிலோ, கருப்பைக் கழுத்திலோ புற்றுநோய் கண்டால், அவளுக்குக் கதிர்ச் சிகிச்சை செய்யும் தொழிலைக் கற்க அவளுடைய பேத்தி பேராதனைக்கோ கொழும்புக்கோ அல்லவா போகவேண்டியிருக்கிறது? போவதற்கேனும் அவளுக்கு வழியுண்டா?

இது வைத்தியத் திணைக்களத்தார் பார்த்துக்கொள்ளவேண்டிய சிறு காரியம் என்று எண்ணுவோர் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. மொழியுரிமையும், கல்வியுரிமையும், உயிர்வாழும் உரிமையும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் இது. ஏன் என்பதைக் கூறுவோம்.

பத்தொன்பதாம் நாளில் நின்ற சிகிச்சை

சில மாதங்களுக்கு முன் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஐம்பத்தாறு வயதுத் தாயொருவர் எமது அலுவலகத்துக்கு வந்தார். கூட வந்தவள் பேத்தி. தொடர்ந்து வேலைக்கு வராத காரணத்தால் தோட்டத்தில் அவருடைய பெயரை வெட்டிவிட்டார்களாம். மறுபடி பெயர் பதிய ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும் என்பதே அவர் கேட்டது. வராத காரணம் என்னவென்று வினவினோம். மடியிலிருந்து ஒரு சிகிச்சை அட்டையை எடுத்து வைத்தார். கன்னத்தின் உட்புறத்தில் புற்று. வைத்தியர்கள் விதித்திருந்தது 30 நாட்கள் கதிர்ச் சிகிச்சை. அட்டையிலே 19 நாட்களுக்கே அடையாளம் இருந்தது. அதன் பின் 9 நாட்கள் வெறுமையாகக் கிடந்தன.

"ஏன் அம்மா நிறுத்தினீர்கள்?" என்றோம்.

"வாயெல்லாம் புண்ணாப் போச்சுங்க ஐயா. கஞ்சி கூட இறங்கல. மருந்து ஒத்துக்கலன்னு நெனச்சு வந்துட்டேன்," என்றார்.

புண் வருமென்று எவரும் சொல்லவில்லையா என்று கேட்டோம். "சொல்லியிருப்பாங்க ஐயா. சிங்களத்துல சொன்னாங்க. நான் தலைய ஆட்டினேன். அவங்க நல்லவங்கதான், என்ன சொன்னாங்கன்னுதான் தெரியல."

அன்றே வைத்தியரோடு தொடர்புகொண்டு அவரை மீண்டும் அனுப்பிவைத்தோம். தோட்டத்துக்கும் கடிதம் எழுதினோம். ஆனால் போன நாட்கள் போனவையே. வழக்குக்குத் தவணை கேட்டுப் பெறலாம்; புற்றுநோய் எவருக்கும் தவணை கொடுப்பதில்லை.

பேத்தியிடமும் பேச்சுக் கொடுத்தோம். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் 'ஏ' சித்தி பெற்றவள். இப்பொழுது உயர்தரத்திலே என்ன படிக்கிறாய் என்று கேட்டபோது, "கலைப்பிரிவு, சேர்," என்றாள். அருகிலுள்ள தமிழ்ப் பாடசாலையில் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை. நகரத்துக்குச் சென்று படிக்கப் பஸ் செலவுக்கும் தங்குமிடத்துக்கும் வழியில்லை. கலைப்பிரிவு தாழ்ந்ததென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அது அவள் தேர்ந்ததன்று, அவளுக்கு எஞ்சியிருந்தது.

சிகிச்சைக் கூடத்தில் பாட்டிக்குத் தேவைப்பட்ட ஆள் எங்கோ இருக்கிறார் என்று எண்ணியிருந்தோம். அவர் ஆகியிருக்கக்கூடியவள் அந்த வாங்கிலேயே பாட்டியின் அருகில் அமர்ந்திருந்தாள்.

கூடத்தினுள் நடப்பது என்ன?

கதிர்ச் சிகிச்சையாளரின் தொழிலைப் பற்றி எம் மக்களிற் பலருக்குத் தெரியாது. கதிர்ப்படம் எடுப்பவர் என்றே எண்ணிக்கொள்வர். புற்றுநோய் வைத்திய நிபுணர் எவ்வளவு கதிர் என்று விதிப்பார். மருத்துவப் பௌதிகவியலாளர் அதனைக் கணித்துத் திட்டமிடுவார். அந்தத் திட்டத்தை நாள்தோறும் நோயாளியின் உடம்பிலே நிறைவேற்றுபவர் கதிர்ச் சிகிச்சையாளரே. தலை, கழுத்துப் புற்றானால் முகத்துக்கு அளவாக வார்த்த முகமூடியைப் பொருத்தி, நேற்றுப் படுத்த அதே நிலையில் இன்றும் படுக்கவைத்து, குறிகளைச் சரிபார்த்து, கதிர் செல்ல வேண்டிய இடத்துக்கு மட்டும் செல்லுமாறு செய்யவேண்டும். சில மில்லிமீற்றர் பிசகினாலும் முள்ளந்தண்டு வடத்துக்கோ கண்ணுக்கோ கேடு விளையலாம்.

இதற்குப் பௌதிகமும் வேண்டும், உயிரியலும் வேண்டும். 1951 இல் கனடாவில் முதன்முதல் நோயாளிகளுக்குப் பயன்பட்ட கோபால்ட்-60 முறையையே எடுத்துக்கொள்வோம். அந்த மூலத்தின் வலு ஏறத்தாழ ஐந்தேகால் ஆண்டிற் பாதியாகக் குறைந்துவிடும். வலு குறையக் குறைய ஒவ்வொரு நோயாளியும் கதிரின் கீழ் இருக்கவேண்டிய நேரம் கூடும். மின்னால் இயங்கும் நேர்கோட்டு ஆர்முடுக்கியோ இன்னும் நுட்பமானது. இவற்றைக் கையாள்வது பொத்தானை அழுத்தும் வேலையன்று.

இன்னொன்றையும் வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். கதிர் பாயும் வேளையில் அந்த அறையில் நோயாளியைத் தவிர வேறெவரும் இருத்தலாகாது. தடித்த கொங்கிறீற்றுச் சுவருக்கு அப்பால், கமராத் திரையிலே பார்த்துக்கொண்டு சிகிச்சையாளர் நிற்பார். முகமூடிக்குள் அசையாமற் கிடக்கும் நோயாளிக்கு வெளியுலகத்தோடு இருக்கும் ஒரே தொடர்பு ஒலிபெருக்கியில் வரும் குரல்தான். "அசையவேண்டாம் அம்மா, இன்னும் ஒரு நிமிடந்தான்," என்ற அந்தக் குரல் அவருக்கு விளங்காத மொழியில் வந்தால், அதனால் அவருக்கு ஆறுதல் கிடைக்குமா, அச்சம் கிடைக்குமா?

சிகிச்சையாளர் நாள்தோறும் நோயாளியைக் காண்பவர். வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு, ஏழு வாரங்கள் வரை. வைத்திய நிபுணர் காண்பது அதிற் சில நாட்களே. புண் வருமென்றும், அது ஆறுமென்றும், அதற்கென்று சிகிச்சையை நிறுத்தலாகாதென்றும் சொல்லவேண்டியவர் பெரும்பாலும் இவரே. உழவர் பெருமக்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. களையைப் பாதி பிடுங்கிவிட்டுப் பத்து நாள் கழித்து வயலுக்குப் போனால் என்ன காண்போம்? புற்றுக் கலங்களும் அவ்வாறே. இடைவெளி கிடைத்தால் மீண்டும் பெருகும். தலை, கழுத்துப் புற்றுநோய்களிலே சிகிச்சைக் காலம் ஒரு நாள் நீண்டால் நோயை அடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று குறைகிறது என்பது பல ஆய்வுகளிற் கண்ட முடிவு.

இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கம் தோட்டங்களில் ஆண், பெண் இருபாலாரிடத்தும் ஊறியிருக்கிறது. குளிரையும் பசியையும் மறக்க மலையேறும் முன் வாயில் அடக்கிய அந்த வெற்றிலையே பின்னாளிற் கொல்கிறது. பாக்கு மட்டுமே புற்றை உண்டாக்க வல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே வகைப்படுத்திவிட்டது. ஆகவே இந்த நோய் எங்கள் லயன்களின் வாசலிலே நிற்கிறது.

அதற்குச் செலவாகும் நாட்சம்பளத்தையும் கணக்கிடுவோம். 2024 செப்தெம்பரில் வர்த்தமானி மூலம் அறிவிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் முப்பது நாட்களுக்கு 40,500 ரூபா. சிகிச்சை இலவசம், ஆனால் அதற்குப் போகும் நாட்கள் இலவசம் அல்ல. இத்தகைய விலை கொடுத்து வருகிறவருக்கு, ஏன் வருகிறார் என்பதையாவது அவர் மொழியிற் சொல்ல ஆள் வேண்டாமா?

கதவு எங்கே அடைபட்டிருக்கிறது?

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடத்திலும், கொத்தலாவலைப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் கதிர்ப்படவியல், கதிர்ச் சிகிச்சை சார்ந்த பட்டப்படிப்புகள் உள்ளன. கற்று முடித்தவர் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கை மருத்துவச் சபையிற் பதிவுபெற்றுத் தொழில் புரிவர். படிப்பு ஆங்கில மொழியில். ஆதலால் பல்கலைக்கழக வாசலிலே தமிழ்ப் பிள்ளை என்பதற்காக எவரும் தடுப்பதில்லை. அதனை நேர்மையாக ஒப்புக்கொள்வோம்.

அடைபட்ட கதவு அதற்கு வெகு முன்னாலே இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றையும் படித்தவரே அந்த வாசலை அணுகலாம். தமிழ்மொழி மூலம் இம்மூன்றுக்கும் ஆசிரியரும் ஆய்வுகூடமும் உள்ள பாடசாலைக்கு மடுல்சீமையிலிருந்தோ, நமுணுகுலையிலிருந்தோ, கொஸ்லாந்தையிலிருந்தோ ஒரு பிள்ளை எவ்வாறு நாள்தோறும் வந்துபோவாள்?

பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என்பது பொது விதி. பதுளையும் அந்தப் பதினாறில் ஒன்று. கேட்பதற்கு ஆறுதலாகவே இருக்கிறது. ஆனால் அந்த விதி மாவட்டத்தையே அலகாகக் கொள்கிறது. மாவட்டத்துக்குள்ளே நகரத்துப் பிள்ளையையும் லயத்துப் பிள்ளையையும் அது வேறுபிரித்துப் பார்ப்பதில்லை. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி பதுளை மாவட்டத்தில் மலையகத் தமிழர் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர். மாவட்டத்தின் பின்தங்கிய நிலைக்கு அவர்களுடைய வறுமையும் ஒரு சான்று. அந்தச் சான்றினாற் கிடைத்த சலுகை அவர்களுடைய பிள்ளைகளை எட்டாமலே பங்கிடப்படுகிறதென்றால், அதனை நீதி என்று எவ்வாறு அழைப்பது?

இந்தக் கதவு நேற்று அடைபட்டதன்று. 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. மடுவத்திலோ கூரைச் சார்ப்பிலோ நான்கெழுத்துச் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பொறுப்பு முடிந்தது. 1945 இல் நாட்டின் பிள்ளைகளுக்கெல்லாம் இலவசக் கல்வி மலர்ந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறத்தே நின்றன. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்தோபர் ஒப்பந்தம் அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டது. அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியிலேதான். அதாவது, ஏனைய பிள்ளைகளுக்கு ஒரு தலைமுறை பிந்தி எங்கள் பிள்ளைகள் ஓட்டத்தைத் தொடங்கினார்கள். முடிவுக் கோட்டில் நின்று திறமை, திறமை என்று கூவுவோர் தொடக்கக் கோட்டையும் சற்றுத் திரும்பிப் பார்க்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரை தமிழும் அரச கரும மொழியாதல் வேண்டும் என்கிறது. சிங்களம் நிருவாக மொழியாக வழங்கும் இடத்திலும், அரசாங்க உத்தியோகத்தரோடு தமிழிலே கருமமாற்றவும் தமிழிலே மறுமொழி பெறவும் ஒருவருக்கு உரித்துண்டு என்கிறது 22 ஆம் உறுப்புரை. பசறை, ஹாலி-எல, அப்புத்தளை முதலிய பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகவே பிரகடனம் செய்யப்பட்டவை. ஆயினும் உரித்து ஏட்டில் இருக்க, அதனை நிறைவேற்றும் நாவு கூடத்தில் இல்லையாயின் யாது பயன்? சிகிச்சை மேசையிற் படுத்திருப்பவர் உறுப்புரையின் இலக்கத்தைச் சொல்லி மறுமொழி கேட்கவா முடியும்?

சிங்களச் சகோதரர்களாகிய சிகிச்சையாளர்கள் மீது நாம் குறைகாணவில்லை. நான்கு தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொண்டு எம் தாய்மாரை ஆறுதற்படுத்தும் பலரை நாம் அறிவோம். அவர்களுக்கு எமது நன்றி. ஆனால் உரிமை ஒருவருடைய நல்ல மனத்தில் மட்டும் தங்கியிருத்தலாகாது.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ தமிழ்ச் சிகிச்சையாளரை அனுப்பினாற் போதாதா என்று சிலர் கேட்கலாம். வரட்டும், இரு கைகூப்பி வரவேற்போம். ஆனால் வீட்டையும் பிள்ளைகளையும் தொலைவில் விட்டு வந்தவர் சில ஆண்டுகளில் இடமாற்றம் கேட்பார், கேட்பது இயல்பு. இந்த மண்ணிற் பிறந்தவரே இந்த மண்ணில் நிலைத்து நிற்பார்.

விசேட ஏற்பாடு செய்வது சமத்துவத்துக்கு முரண் என்ற வாதமும் எழும். அதற்கும் விடையுண்டு. பெண்கள், பிள்ளைகள், அங்கவீனர் ஆகியோரின் முன்னேற்றத்துக்காக விசேட ஏற்பாடு செய்வதைச் சமத்துவ உரிமை தடுக்காது என்று 12 ஆம் உறுப்புரையின் நான்காம் பந்தி சொல்கிறது. எல்லா மட்டத்திலும் கல்வியைச் சமமாகப் பெறும் உரிமையை உறுதிசெய்வது அரசின் குறிக்கோள் என்று 27 ஆம் உறுப்புரை சொல்கிறது. பின்னையதை வைத்து நீதிமன்றத்தில் வழக்காட இயலாது என்பதைச் சட்டத்தரணிகளாகிய நாம் மறைக்கவில்லை. ஆகவேதான் இது மக்கள் மன்றத்தில் வாதாடவேண்டிய வழக்காகிறது.

முன்னுதாரணம் உண்டு

இயலாத ஒன்றை நாம் கேட்கவில்லை. தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் இல்லையென்ற குறை எழுந்தபோது, ஜெர்மன் நாட்டின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைக்கப்பட்டது. லயன்களிலிருந்து சென்றவர்கள் ஆசிரியர்களாகத் தோட்டங்களுக்குத் திரும்பி வந்தார்கள். ஆசிரியருக்கு இயன்றது சிகிச்சையாளருக்கு ஏன் இயலாது?

கடல் கடந்தும் பார்ப்போம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1923 இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரை நெஞ்சிற் சுமந்து, இடையறாது முயன்று, 1954 இல் அடையாற்றிலே புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். ஒரு குடும்பத்தின் துக்கம் ஒரு நாட்டின் நிறுவனமாயிற்று. எமது நாட்டிலும், 2011 இல் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை இன, மத வேற்றுமையின்றி மக்கள் நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடம் எழுந்தது. கட்டடத்தை இரண்டு ஆண்டில் எழுப்பலாம். அதனுள்ளே நின்று தொழில் செய்பவரை உருவாக்க ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்கவேண்டும்.

நாம் கேட்பவை

முதலாவது: பதுளை மாவட்டத்தின் இருமொழிப் பிரிவு ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு தமிழ்ப் பாடசாலையிலேனும் உயர்தர உயிரியற் பிரிவு முழுமையாக நடைபெறவேண்டும். ஆய்வுகூடத்தைத் திறந்துவைத்துப் படம் பிடித்துக்கொள்வது போதாது. மூன்று பாடங்களுக்கும் மூன்று ஆசிரியர் வேண்டும்.

இரண்டாவது: தூரத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, பதுளையிலும் பண்டாரவளையிலும் பாதுகாப்பான விடுதி வேண்டும்.

மூன்றாவது: பின்தங்கிய மாவட்டங்களுக்கான இடங்களைப் பங்கிடும்போது, பிள்ளை படித்த பாடசாலையின் நிலையையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

நான்காவது: பதுளைப் போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவையும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தையும் இணைத்து, கதிர்ச் சிகிச்சையும் ஏனைய இணைச் சுகாதாரத் தொழில்களும் இம்மாகாணத்திலேயே கற்பிக்கப்பட வழிசெய்யவேண்டும்.

எமது பங்கு

அரசாங்கத்தை நோக்கி விரலை நீட்டிவிட்டு ஓய்ந்துவிட நாம் விரும்பவில்லை. பிரஜாவுரிமைக்காகவும் சம்பளத்துக்காகவும் எத்தனையோ மேடைகள் ஏறினோம்; ஏறவேண்டியிருந்தது. ஆனால் எந்த மேடையிலாவது, "இந்தப் பிரதேசத்தில் எத்தனை தமிழ்ப் பௌதிக ஆசிரியர் உளர்?" என்று கேட்டோமா? கேட்கவில்லை. அந்தக் குற்றத்தில் எமக்கும் பங்குண்டு. நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பார்த்து, "டாக்டராகு, அல்லது அப்புக்காத்தாகு," என்று இரண்டே வழிகளைக் காட்டினோம். இடையிலே இத்தனை உன்னதத் தொழில்கள் இருப்பதை நாமும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இனியேனும் செய்வோம். பதுளை, பண்டாரவளை நகரங்களிலுள்ள வைத்தியர்களே, பொறியியலாளர்களே, ஓய்வுபெற்ற ஆசிரியர்களே! சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் தாருங்கள். இரசாயனவியல் வகுப்பொன்றை நடத்துவதற்கான இடத்தையும் பிள்ளைகளின் பஸ் செலவையும் தேடும் பொறுப்பை நாம் ஏற்கிறோம். வெலிமடையிலும் ஊவாப் பரணகமையிலும் கிழங்கும் மரக்கறியும் விளைவிக்கும் உழவர் பெருமக்களே! விடுதிப் பிள்ளைகளின் அடுப்புக்கு ஒரு போகத்தில் ஒரு மூடை கொடுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் வாழும் எம் உடன்பிறப்புகளே! உங்கள் ஊர்ச் சங்கங்கள் வழங்கும் புலமைப்பரிசில்களில் ஒன்று ஊவாவின் பிள்ளைக்கும் எட்டட்டும்.

எமது அலுவலகத்துக்கு வந்த தாய் மீண்டும் சிகிச்சைக்குச் சென்று எஞ்சிய நாட்களை நிறைவு செய்தார். தோட்டத்திலும் அவர் பெயர் மறுபடி பதியப்பட்டது. நோய் முற்றாக அடங்கியதா என்பதை இனி வரும் மாதங்களே சொல்லும். பேத்தி கலைப்பிரிவிலேயே தொடர்கிறாள். அவளுக்கு அந்த வாசல் அடைபட்டுவிட்டது. அவளுடைய தங்கை இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். உயர்தரத்துக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. அந்தச் சில ஆண்டுகளுக்குள் பசறைப் பக்கத்தில் ஓர் இரசாயனவியல் ஆசிரியர் வந்து சேர்வாரா? இந்த ஒரு கேள்வியை எதிர்வரும் ஒவ்வொரு கூட்டத்திலும், ஒவ்வொரு வேட்பாளரிடமும், விடை வரும்வரை நாம் கேட்போம். நீங்களும் கேளுங்கள்.